முகத்துக் கரும்புள்ளிகளும் அவற்றிற்குத் தக்க சிகிச்சையும்

திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள கிராமங்களில், வேறெங்கும் போலவே, வாலிபப் பருவத்தை அடைந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு மூக்கின்மீதும், நெற்றியிலும், மோவாயிலும் கடுகினும் சிறிய கரும்புள்ளிகள் தோன்றுகின்றன. பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் தூரம் கிரிவலம் வந்து, வியர்வையும் புழுதியும் கற்பூரப் புகையும் படிந்த முகத்துடன் வீடு திரும்பும் ஒருவர், மறுநாட் காலை கண்ணாடியில் அப்புள்ளிகளைக் காணுங்கால், அவை பாதையில் ஒட்டிய அழுக்கே என்று எண்ணுவது இயல்பு. அழுக்கென்று எண்ணியபின் தேய்க்க வேண்டுமென்றும் தோன்றும். பீர்க்கங்காய் நார், கரகரப்பான மாவு, உப்பு, எலுமிச்சம்பழத் தோல், துணி துவைக்கும் சோப்பு முதலியவற்றால் தோல் சிவக்கும் வரையில் தேய்த்தும் புள்ளி போகாமையால், ஈற்றில் கடைக்குச் சென்று யாரோ சொன்ன களிம்பு ஒன்றை வாங்கித் தடவுகின்றனர். அக்களிம்பினாலேயே முகம் கெட்டு ஆஸ்பத்திரிக்கு வருவோர் பலர் உளர். இத்தனை துன்பத்திற்கும் முதற் காரணம் கரும்புள்ளி என்பது அழுக்கு என்னும் தவறான எண்ணமேயாகும்.

கரும்புள்ளி யாது?

உள்ளங்கை, உள்ளங்கால் போன்ற சில இடங்கள் நீங்கலாக மனிதனுடைய தோலெங்கும் மயிர்த்துவாரங்கள் இருக்கின்றன. அத்துவாரங்களோடு எண்ணெய்ச் சுரப்பிகள் சேர்ந்திருக்கின்றன. அவற்றில் ஊறும் நெய்ப்பசை துவாரத்தின் வழியே வெளிவந்து தோலின்மேல் மெல்லப் பரவுகின்றது. முகம், மார்பு, முதுகு ஆகிய இடங்களில் இச்சுரப்பிகள் பெரியனவாகவும் நெருக்கமாகவும் இருக்கும். பருவம் எய்துங் காலத்தில் உடம்பில் பெருகும் ஆண்ட்ரோஜன் என்னும் ஹார்மோன்கள், இவை ஆண்பாலார்க்கு மட்டுமன்றிப் பெண்பாலார்க்கும் உண்டு, அச்சுரப்பிகளைத் தூண்டிவிடுகின்றன. நெய்ப்பசை மிகுகின்றது. அதே சமயத்தில், துவாரத்தின் உட்சுவரிலிருந்து நாடோறும் உதிர்ந்து வெளியேற வேண்டிய தோற் செதில்கள் உதிராமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. செதிலும் நெய்ப்பசையும் கலந்து மெழுகு போன்ற ஓர் அடைப்பு உண்டாகின்றது. இவ்வடைப்பு கண்ணுக்குத் தெரியாமலே பல வாரங்கள் உள்ளே வளர்கின்றது என்பதை மனத்திற் கொள்ளவேண்டும். பின்னாற் கூறப்படும் சிகிச்சை ஏன் மெதுவாகப் பலிக்கின்றது என்பது இதனால் விளங்கும்.

துவாரத்தின் வாய் தோலால் மூடியிருந்தால் அடைப்பானது வெண்மையான சிறு குருவாகத் தென்படும். வாய் திறந்திருந்தால் அடைப்பின் நுனியிற் காற்றுப் படும். அறுத்து வைத்த கத்தரிக்காய் காற்றுப் பட்டுக் கறுப்பதை எல்லோரும் பார்த்திருக்கின்றனர். அது போலவே, அடைப்பிலுள்ள நெய்ப்பொருளும், தோலுக்கு இயற்கையாக நிறம் தரும் மெலனின் என்னும் பொருளும் காற்றினால் கறுத்துவிடுகின்றன. கரும்புள்ளி என்பது இந்த நுனியேயன்றிப் புழுதியுமன்று, புகைக்கரியுமன்று. ஏரி மதகின் உட்குழாயில் வண்டல் படிந்து அடைத்துக்கொண்டிருக்க, மதகின் வாயை மாத்திரம் துடைப்பத்தாற் பெருக்கினால் தண்ணீர் பாயுமா? முகத்தைத் தேய்ப்பதும் அத்தன்மைத்தே. அடைபட்ட துவாரத்தினுள் இயற்கையாக வாழும் கிருமிகள் பெருகி, சுற்றிலும் அழற்சி உண்டானால், அதுவே சிவந்து வலிக்கும் முகப்பருவாக மாறுகின்றது.

இவ்விடத்தில் ஒன்று சொல்லவேண்டும். மூக்கின்மேல் ஒரே சீராக, சாம்பல் அல்லது மங்கிய பழுப்பு நிறத்தில் நெருங்கித் தெரியும் நுண்ணிய புள்ளிகள் பெரும்பாலும் கரும்புள்ளிகளே அல்ல. அவை நெய்ப்பசை வெளிவரும் வழியின் இயற்கையான தோற்றம். பிதுக்கினால் மெல்லிய நூல்போல் வெண்பசை வரும். சுமார் ஒரு மாதத்திற்குள் துவாரம் மீண்டும் நிரம்பிவிடும். மூக்கில் ஒட்டி உரிக்கும் பட்டிகளை வாங்கி, உரித்த பட்டியில் ஒட்டிய நூல்களைப் பார்த்து மகிழ்வோர் இல்லாத நோய்க்குப் பணம் செலவழிக்கின்றனர்.

தேய்ப்பதும் பிதுக்குவதும்

தோலின் மேற்பரப்பு சற்றுப் புளிப்புத் தன்மை உடையது. சாதாரணக் கட்டிச் சோப்புகளோ காரத்தன்மை உடையவை. ஒரு நாளில் ஐந்தாறு முறை சோப்பிட்டால் தோலின் காப்பு குலைந்து, எரிச்சலும் வறட்சியும் உண்டாகுமேயன்றி உள்ளே உள்ள அடைப்பு ஒரு நூலளவும் அசையாது. காலையில் ஒரு முறை, இரவில் ஒரு முறை, மிகுதியாக வியர்த்தபின் ஒரு முறை, காரமில்லாத மென்மையான சோப்பு அல்லது கழுவு நீர்மத்தைக் கையால் தடவி, வெதுவெதுப்பான நீரிற் கழுவித் துணியால் ஒற்றி எடுத்தாற் போதுமானது. பயத்தமாவோ நலங்குமாவோ பழகியவர்கள் அதை விட்டுவிட வேண்டுமென்பதில்லை. ஆனால் நன்றாகச் சலித்து, குழைத்து, அழுத்தித் தேயாமற் கழுவிவிடவேண்டும். அரைபடாத குறுநொய் கலந்த மாவு தோலைக் கீறும்.

எலுமிச்சம்பழச் சாற்றைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டியிருக்கிறது. இவ்வினத்துப் பழச்சாறு பட்ட தோலில் வெயில் படுமாயின் கொப்புளம் எழும்பி, பின்னர் மாதக் கணக்கிற் கருமை நிற்கக்கூடும். சமையற் சோடாவும் பற்பசையும் முகத்திற்கு உரியனவல்ல. ஆவி பிடித்தால் துவாரம் திறக்கும் என்பதும் வெறும் நம்பிக்கையே. திறக்கவும் மூடவும் துவாரத்தின் வாயில் தசை ஏதும் இல்லை.

நகத்தாற் பிதுக்கும் வழக்கம் இன்னும் கெடுதலானது. அடைப்பின் ஒரு பகுதி வெளிவரினும், மற்றொரு பகுதி துவாரத்தின் சுவரைக் கிழித்துக்கொண்டு உட்புறம் இறங்கி, சிறு புள்ளியைப் பெரும் பருவாக்கிவிடும். நம் நாட்டவரின் தோலில் அழற்சி ஆறிய இடமெல்லாம் கறுத்த தழும்பு நிற்பது சகஜம். புள்ளி ஒரு வாரத்தில் மறைந்தாலும் தழும்பு மறைய ஆறு மாதம் ஆகலாம். மூக்கையும் மேலுதட்டையும் சார்ந்த பகுதியின் இரத்தக் குழாய்கள் மண்டையின் உட்புறக் குழாய்களோடு தொடர்புடையவையாதலால், அங்கே சீழ்ப்பருவைக் கீறியதனால் அபூர்வமாக உயிருக்கே அபாயம் நேர்ந்ததுமுண்டு.

எண்ணெயும் நெய்யும்

திருவண்ணாமலை ஜில்லா நிலக்கடலைக்குப் பெயர்போனது. செக்கும் எண்ணெய் மில்லும் அருகிலேயே இருக்கின்றன. தலைக்கு எண்ணெய் இடுவதும் சனிக்கிழமை எண்ணெய் ஸ்நானமும் நெடுநாளைய வழக்கங்கள். இவற்றைக் குறை கூறுவதற்கில்லை. எனினும், தலையெண்ணெய் நெற்றியில் வழிந்து இரவு முழுதும் தங்குவது துவாரங்களை அடைக்கும் என்பது ஆராய்ச்சியால் தெளிவுபட்டிருக்கிறது. 1970ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பிளீவிக், புல்டன், கிளிக்மன் என்னும் மூன்று தோல் வைத்தியர்கள், தலைமயிருக்குக் கொழுப்பான தைலங்களைத் தடவுவோருக்கு நெற்றியிலும் பொட்டுகளிலும் குறுங்குருக்கள் வரிசையாக எழுவதை விவரித்து எழுதினார்கள். நம் வீடுகளிலும், நெற்றியில் மாத்திரம் அல்லது மயிரின் ஓரமாக மாத்திரம் குருக்கள் இருப்பின், முதலில் எண்ணெய்க் கிண்ணத்தையும் தலையணை உறையையும் கவனிக்கவேண்டும். எண்ணெயை மயிரின் நுனியோடு நிறுத்திக்கொள்வதும், ஸ்நானத்தின்போது முகத்து எண்ணெயைச் சுத்தமாகக் கழுவிவிடுவதும், தலையணை உறையை வாரம் ஒரு முறையேனும் துவைப்பதும் செலவில்லாத காரியங்கள். தேங்காயெண்ணெயை முகத்திற் பூசிக்கொண்டு உறங்குவது கரும்புள்ளி உடையோர்க்கு ஆகாது.

செக்கிலும், லாரி பஸ் பட்டறைகளிலும் வேலை செய்வோருக்கு முழங்கைக்குக் கீழும் தொடைகளிலும் இத்தகைய கரும்புள்ளிகள் எழுவதுண்டு. எண்ணெயில் ஊறிய துணி நாள் முழுதும் தோலில் உராய்வதே காரணம். வேலை முடிந்தவுடன் உடை மாற்றிக் குளித்தலும், எண்ணெய்த் துணியைத் துவைக்காமல் மறுநாள் உடுத்தாமையும் பெரும்பாலும் போதிய சிகிச்சையாகும்.

கார்த்திகைத் தீபம் மலையுச்சியில் 11 நாட்கள் எரிந்தபின், கொப்பரையின் நெய் மை ஆருத்திரா தரிசனத்தன்று நடராஜப் பெருமானுக்குச் சாத்தப்பெற்று, பின்னர் பக்தர்களுக்குப் பிரசாதமாக அளிக்கப்படுவதை இவ்வூரார் அனைவரும் அறிவர். அதை நெற்றியில் அணிவதனால் ஒருவருக்கும் முகம் கெட்டுவிடாது. நெய்யாயினும் எண்ணெயாயினும் கலந்த பூச்சு எதுவும் உறங்கும் முன் கழுவப்படவேண்டும் என்பதே விதி. குங்குமம் இட்ட இடத்தில் அரிப்போ கருமையோ காணின், அது கரும்புள்ளியன்று. சாயங்கலந்த குங்குமத்தின் ஒவ்வாமையாக இருக்கலாம்.

நிலக்கடலை தின்றால் முகத்திற் பரு வரும் என்பது பாட்டிமார் சொல்வது. அதற்கு உறுதியான சான்று கிடையாது. கடலை பயிரிடுவோர் மனம் வருந்த வேண்டியதில்லை. இரத்தத்திற் சர்க்கரையை விரைவாக ஏற்றும் ஆகாரங்களைப் பற்றியே சில சான்றுகள் உள்ளன. 2002ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், பாப்புவா நியூகினியைச் சேர்ந்த கிட்டாவா தீவில் 1200 பேரைப் பரிசோதித்தும் ஒருவருக்கேனும் முகப்பரு காணப்படவில்லை. அத்தீவினர் மைதாவும் சர்க்கரையும் அறியாதவர்கள். பரம்பரையும் வேறு காரணங்களும் இருக்கலாமாதலால் இதை மட்டும் கொண்டு முடிவு கூறலாகாது. ஆயினும், 2007ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் 43 வாலிபரை 12 வாரங்கள் வைத்துச் செய்த சோதனையிலும், இனிப்பும் மாவும் குறைத்து உண்டோருக்குப் பருக்கள் கூடுதலாகக் குறைந்தன. பாலுக்கும் பருவுக்கும் ஓரளவு தொடர்பு சில ஆராய்ச்சிகளிற் காணப்படினும், வளரும் பிள்ளைகளின் பாலை நிறுத்தும்படி சொல்வதற்கு அது போதாது.

மருந்துகள்

உட்புற அடைப்பைக் கரைக்கும் மருந்துகள் இப்பொழுது மலிவாகக் கிடைக்கின்றன. முதலாவது சாலிசிலிக் அமிலம். இஃது எண்ணெயிற் கரையும் தன்மையுடையதாதலால், நெய்ப்பசை நிறைந்த துவாரத்தினுள் இறங்கி, ஒட்டிய செதில்களைப் பிரிக்கின்றது. முகம் கழுவும் நீர்மங்களிலும் பூச்சுகளிலும் 0.5 முதல் 2 சதவீதம் வரை கலந்திருக்கும். ஆஸ்பிரின் மாத்திரை ஒவ்வாதவர்கள் இதையும் தவிர்க்கவேண்டும்.

இதனினும் பயன் மிகுந்தது அடாபலீன் 0.1 சதவீதக் களிம்பு. வைட்டமின் ஏ இனத்தைச் சேர்ந்த மருந்துகளுள் டிரெட்டினாயின் என்பதை முகப்பருவுக்கு உபயோகிக்கலாமென 1969ஆம் ஆண்டில் மேற்சொன்ன கிளிக்மனும் அவர் கூட்டத்தாரும் காட்டினார்கள். அடாபலீன் அதன்பின் வந்தது, எரிச்சல் குறைந்தது. துவாரத்தின் உட்சுவர்ச் செதில்கள் முறையாக உதிரும்படி செய்து, கண்ணுக்குத் தெரியாத அடைப்பையும் இது தடுக்கின்றது. இதை வைத்தியர் யோசனைப்படி இரவிலே, முகம் நன்றாக உலர்ந்தபின், ஒரு பட்டாணி அளவு எடுத்துப் புள்ளியின்மேல் மட்டுமன்றிப் புள்ளி வரும் பகுதி முழுதும் மெல்லியதாகப் பூசவேண்டும். முதலில் ஒன்றுவிட்டு ஒரு நாள் பூசிப் பழகுவது நலம். தொடக்கத்தில் தோல் உரியும், சிவக்கும், சில வேளை பருக்கள் மிகுந்தது போலவும் தோன்றும். இதைக் கண்டு அஞ்சி மூன்றாம் வாரத்தில் நிறுத்திவிடுவோரே அதிகம். பலன் தெரிய 8 முதல் 12 வாரங்கள் செல்லும். கர்ப்பிணிகளும், கருத்தரிக்க விரும்பும் பெண்களும் இதை உபயோகிக்கலாகாது.

சிவந்த பருக்களும் உடன் இருந்தால் பென்சாயில் பெராக்சைடு என்னும் மருந்து கிருமியைக் குறைக்கும். 2.5 சதவீதமே 10 சதவீதத்திற்கு நிகரான பலன் தரும் என்று 1986ஆம் ஆண்டிலேயே காணப்பட்டதால், காட்டமானதை வாங்கி எரிச்சலை வாங்கிக்கொள்ள வேண்டாம். இது துணியின் சாயத்தை வெளுக்கச் செய்யும். ஆரணிப் பட்டுப் புடவை உடுத்தும் நாளிலும், தறியில் சாயநூல் தொடும் வேளையிலும் கையை நன்றாகக் கழுவிக்கொள்ளவேண்டும். தலையணைக்கு வெள்ளை உறை போட்டுக்கொள்ளலாம்.

இம்மருந்துகள் தோலை வறளச் செய்வதால், துவாரத்தை அடைக்காதது என்று உறையில் குறிக்கப்பட்ட ஈரப்பசைப் பூச்சு ஒன்றைச் சேர்த்துக்கொள்வதும், பகலில் வயல் வேலைக்கோ கிரிவலத்திற்கோ செல்வோர் வெயிற்காப்புப் பூச்சும் குடையும் கொள்வதும் அவசியம்.

கடைக் களிம்பின் அபாயம்

இப்பொழுது முக்கியமான விஷயத்திற்கு வருவோம். மருந்துக் கடையிலோ, அழகு நிலையத்திலோ, சந்தையிலோ "மூன்றே நாளில் முகம் பளபளக்கும்" என்று கொடுக்கப்படும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு என்னும் மருந்து இருக்கின்றது. சொறி, கரப்பான் முதலிய நோய்களுக்கு வைத்தியர் குறித்த நாட்களுக்கு மட்டும் கொடுக்கும் நல்ல மருந்து அது. முகத்திற் பூசியதும் சிவப்பு அடங்கும், நிறம் வெளுக்கும், புள்ளி மங்கும். ஆகையால் வாங்கியவர் மகிழ்ந்து அடுத்த வீட்டாருக்கும் சொல்லுகின்றார். சில வாரங்கள் அல்லது மாதங்களுக்குப் பின் தோல் மெலிந்து இரத்த நாளங்கள் சிவந்த நூல்களாகத் தெரியும். ஒரே அளவான பருக்கள் கூட்டமாக எழும். பெண்களின் கன்னத்தில் மயிர் வளரும். களிம்பை நிறுத்தினால் முகம் நெருப்புப் பட்டது போல் எரியும். அந்த எரிச்சல் தாளாமல் மறுபடியும் அதையே பூசுவர். கரும்புள்ளிக்கு அஞ்சியவர் களிம்புக்கு அடிமையாகும் விதம் இதுவே.

இஃது ஏதோ ஓரிடத்துச் செய்தியன்று. இந்தியாவின் பல நகரங்களிலுள்ள தோல் வைத்திய நிலையங்களில் செய்து 2011ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆராய்ச்சியில், முகத் தோல் நோயோடு வந்த 2926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டுக் களிம்பைப் பூசிக்கொண்டிருந்தனர். ஏழு பேரில் ஒருவர் என்று சொல்லலாம். தோல் வைத்தியர் சங்கத்தார் விடாது முறையிட்டதன் பேரில், மத்திய அரசாங்கம் 2018ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் 14 ஸ்டீராய்டு மருந்துகளின் மேற்பூச்சுகளை, வைத்தியர் சீட்டின்றி விற்கலாகாத எச் அட்டவணையிற் சேர்த்தது. சட்டம் வந்த பிறகும் சீட்டுக் கேளாமற் கொடுக்கும் வழக்கம் முற்றும் ஒழியவில்லை.

வெளுக்கும் களிம்புகளில் வேறொரு விஷமும் உண்டு. கேரளத்தின் மலப்புரம் ஜில்லாவில் 2021க்கும் 2023க்கும் இடையில் சிறுநீரகக் கோளாறோடு வந்த நோயாளர் சிலரை வைத்தியர்கள் ஆராய்ந்தபோது, ஒரு குறிப்பிட்ட வகைக் கோளாறு உடைய 15 பேரில் 13 பேர் முகம் வெளுக்கும் களிம்பு பூசியவர்களென்று தெரியவந்தது. அக்களிம்புகளிற் பாதரசம் இருந்தது. முகத்திற் பூசியது தோலின் வழியே உட்சென்று சிறுநீரகத்தைக் கெடுத்தது. உற்பத்தி செய்தவர் பெயரும் உரிமம் எண்ணும் அச்சிடப்படாத டப்பி எதையும் வாங்கலாகாது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

களிம்புக் குழாயில் மருந்தின் பெயர் சிறு எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். பீட்டாமெத்தசோன், குளோபெட்டாசால், மொமெட்டசோன், புளூசினோலோன் ஆகிய பெயர்களுள் ஏதேனும் காணப்பட்டால் அது ஸ்டீராய்டு. அதைக் கரும்புள்ளிக்குப் பூசலாகாது. இவ்வெழுத்துக்களை வாசிக்க வீட்டுப் பிள்ளைகளைப் பழக்குவது நன்று. தமிழ்நாட்டில் கூட்டுறவுச் சங்கங்கள் பல இடங்களில் மருந்தகங்களை நடத்துகின்றன. அங்கத்தினர்கள் தங்கள் சங்க மருந்தகத்தில் இக்களிம்புகள் சீட்டின்றி விற்கப்படலாகாதென்று பொதுக்கூட்டத்தில் தீர்மானமாகவே கேட்கலாம். விற்பனை சிறிது குறையும் என்று கணக்கர் கூறக்கூடும். அக்குறைவு சங்கத்திற்கு நஷ்டமாகாது.

யார் வைத்தியரிடம் செல்லவேண்டும்? பருக்கள் கட்டியாக ஆழத்தில் எழுந்து பள்ளமான தழும்பு விட்டால் தாமதம் கூடாது. பெண்களுக்கு மாதவிலக்கு முறை தவறி, மோவாயில் மயிரும் பருவும் ஒருங்கே மிகுந்தால், சினைப்பைக் கோளாறு இருக்கலாமாதலால் பரிசோதனை தேவை. நடுவயதில் திடீரென்று முகமெங்கும் கரும்புள்ளி தோன்றினால், வேலையிற் புழங்கும் எண்ணெய், இரசாயனப் பொருள்களைப் பற்றியும் வைத்தியரிடம் சொல்லவேண்டும். திருவண்ணாமலையில் 2013ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அரசு மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரியில் தோல் நோய்ச் சிகிச்சை கட்டணமின்றி அளிக்கப்படுகின்றது. ஏற்கெனவே மாதக் கணக்கில் ஸ்டீராய்டுக் களிம்பு பூசி வந்தவர், வெட்கத்தால் மறைக்காமலும், தாமாக ஒரே நாளில் நிறுத்திவிடாமலும், அக்களிம்புக் குழாயையும் அதன் அட்டைப் பெட்டியையும் கையோடு எடுத்துச் சென்று காட்டவேண்டும். எந்த மருந்து, எவ்வளவு வீரியம், எத்தனை நாள் பூசப்பட்டது என்பதை அறிந்தாலன்றி, படிப்படியாகக் குறைப்பதா, வேறு மருந்துக்கு மாற்றுவதா என்பதை வைத்தியர் நிர்ணயிக்க இயலாது.